தலைக்கு வந்தது

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நம் ஊர்களில் ஒரு சொல் வழங்குகின்றது. பெருங்கேட்டிலிருந்து சிறு இழப்போடு தப்பியவரைப் பார்த்து ஆறுதலாகச் சொல்வது. ஆனால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகாமல் தலையிலேயே தங்கிவிட்டால், அந்த வீட்டாருக்குச் சொல்ல நம்மிடம் என்ன ஆறுதல் மொழி இருக்கின்றது? இதைக் குறித்தே இம்மலரில் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகின்றேன். மாணவ நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகின்றேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகின்றேன். சென்ற ஆண்டு வகுப்பில் தோழியர், “உன் அண்ணன் என்ன செய்கிறார்?” என்று கேட்டபோதெல்லாம், “வெளியூரில் வேலை” என்று சொல்லி வந்தேன். அவர் வெளியூரில் இல்லை. வில்லியனூர் கொம்யூனில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார், இன்றும் உட்கார்ந்திருக்கின்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதற்குக் காரணம் அண்ணன்தான். அப்பா இறந்த பிறகு ஐ.டி.ஐ. முடித்து, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஃபிட்டராகச் சேர்ந்து, “நான் ஸ்பானர் புடிச்சது போதும், நீ புஸ்தகம் புடி” என்று சொன்னவர். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, கார்த்திகை மாதத்து மழை இரவில், வேலை முடிந்து வரும் வழியில் வண்டி சறுக்கி விழுந்தார். வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். தலைக்கவசம் இருந்தது, வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு இருந்தது.

‘குடித்துவிட்டு ஓட்டியிருப்பான்’ என்றது ஊர். புதுச்சேரிக்காரன் வண்டியிலிருந்து விழுந்தால் வேறு காரணமே இருக்கலாகாது போலும்! அவர் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தாலும் எங்கள் வீட்டு நிலைமை இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இயற்பியல் மாணவி என்பதால் நடந்ததை என் பாடமொழியில் சொல்கின்றேன். ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே சாய்கின்றோம், அது நிலைமம். தரையில் மோதிய மண்டையோடு நின்றுவிடுகின்றது. உள்ளே ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள, தயிர்க்கட்டி போன்று மென்மையான மூளை உடனே நிற்பதில்லை. முன்னெலும்பில் மோதுகின்றது, சில வேளை திரும்பிப் பின்னாலும் மோதுகின்றது. பொறுமை, முன்யோசனை, எதை எங்கே பேசலாம் என்ற அளவறிவு ஆகியவற்றில் பெரும்பங்கு முன்மூளையின் வேலை. அங்கு அடிபட்டால் கை கால் நன்றாக இருக்கும், பேச்சு இருக்கும், முகம் அதே முகமாக இருக்கும். மனிதர் மட்டும் மாறியிருப்பார்.

உயிரைக் காத்த மருத்துவர்களை நான் ஒருபோதும் குறை கூற மாட்டேன். 42 நாள் கழித்து அண்ணன் நடந்து வீட்டுக்கு வந்தார். ஆரத்தி எடுத்தோம். உறவினர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மருத்துவமனையில் கொடுத்த தாளில் மாத்திரைகளின் பெயர் இருந்தது. எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும் என்று இருந்தது. திரும்பி வந்திருப்பவர் பழைய ஆள் அல்லர் என்பது மட்டும் அதில் இல்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். குழம்பில் உப்பு இருக்கின்றதா என்று சொல்ல அவரால் முடியவில்லை. காலையில் கேட்டதையே மாலை வரை கேட்டார். கைக்குழந்தை அழுதால் தட்டை வீசினார். பிறகு வீசியதையே மறந்து, “குழந்த ஏன் அழுவுது?” என்று கேட்டார். திருக்காமீசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். வில்லியனூர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம். மந்திரிக்கிற ஆளிடமும் போனோம். ‘வேலைக்குப் போகாமல் சாப்பிடுகிறான்’ என்று சிலரும், ‘காத்துக் கருப்பு’ என்று சிலரும் தீர்ப்பு எழுதினார்கள். ஆப்பிள் கொண்டுவந்தவர்கள் மூன்றாம் மாதத்தோடு நின்றுவிட்டார்கள்.

இதில் அதிகமாகப் பட்டவர் அம்மா அல்லர், நானும் அல்லேன், அண்ணி. அவருக்கு வயது 25. அம்மா நாற்று நடப் போகின்றார், நான் கல்லூரிக்கு வந்துவிடுகின்றேன். இருபத்து நான்கு மணி நேரமும் அண்ணனோடு இருப்பவர் அவர்தான். ஒருநாள் இரவு தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்து, “பாப்பா, ஆளு இருக்காரு. ஆனா அவரு இல்ல. நான் யாருகிட்ட இத சொல்லி அழுவேன்? தாலி இருக்கிற பொம்பள அழுதா அபசகுனம்னு சொல்றாங்க” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தை மாதம் அவருடைய தாயார் வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அண்ணி ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தார். அவர் போனால் கல்லூரியை விட்டு வீட்டில் நிற்க வேண்டியவள் நான். எனவே இதை நான் பொதுநலம் ஒன்றையே கருதி எழுதுகின்றேன் என்று யாரும் எண்ண வேண்டா.

பை எடுத்து வைத்த அடுத்த வாரந்தான் அது நடந்தது. மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசையில் அண்ணிக்கு முன்னால் பாகூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் தம் கணவரோடு நின்றிருந்தார். அவர் கணவர் தென்னைமரத்திலிருந்து விழுந்தவர். அண்ணன் வழக்கம்போல் வரிசையைப் பார்த்துக் கத்தத் தொடங்கியதும் எல்லாரும் விலகி நின்றார்கள். அந்த அம்மாள் மட்டும் விலகவில்லை. “உங்க வீட்டுக்காரருக்கும் தலையா?” என்று கேட்டார். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் வரிசை நகர்ந்ததே இருவருக்கும் தெரியவில்லையாம்.

அன்று அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றைச் சொல்கின்றேன். கத்தும்போது எதிர்வாதம் செய்யக் கூடாது. தோட்டத்துப் பக்கம் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தால் அதற்குள் அடங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசக் கூடாது. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் அன்றைய வேலைகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் குத்த வேண்டும். முடிந்ததை அவரே அடிக்க வேண்டும். குளியலும் சோறும் நாள்தோறும் ஒரே நேரத்தில். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போனால் மேளத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். சாராயம் ஒரு சொட்டும் ஆகாது. அடிபட்ட மூளைக்குக் கொஞ்சம் குடித்தாலும் அதிகம், வலிப்பும் வரும். (தெருவுக்குத் தெரு கடை உள்ள நம் மாநிலத்தில் இந்த ஒன்றைக் காப்பதற்கே ஒரு காவலாள் வேண்டும்.) இவை அந்த அம்மாள் நான்கு ஆண்டுகளாகத் தட்டுத் தடுமாறிக் கற்ற பாடங்கள். எங்களுக்கு ஒரு நாளில் கிடைத்தன. இவற்றுள் பாதிக்கு மேல் பலித்தன.

ஆனால் அண்ணியை மாற்றியவை இந்த உபாயங்கள் அல்ல என்றே நினைக்கின்றேன். தம்மைப் போல் இன்னொருத்தி இருக்கின்றாள் என்ற செய்திதான் மாற்றியது.

இப்போது ஐந்து குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஒரு மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் மண்டபம், மறுமாதம் பாகூரில் ஒரு புளியமரத்தடி. எங்களுக்குப் பெயர் இல்லை, பலகை இல்லை, தலைவர், செயலாளர், பொருளாளர் எவரும் இல்லை. ஆளுக்கொரு தின்பண்டம் கொண்டுவருகின்றோம். அடிபட்டவர்கள் ஒரு பக்கமும் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு பக்கமும் தாமாகவே பிரிந்து உட்காருகின்றார்கள். ஒரு பெரியவர் ஒவ்வொரு மாதமும் அதே நகைச்சுவையைச் சொல்கின்றார். அடிபட்டவர்கள் புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கின்றார்கள். அவர்களுள் சிலருக்கு உண்மையிலேயே அது புதிதுதான்.

மூன்றாம் கூட்டத்தில் ஒரு தாய், “அன்னிக்கே போயிருந்தா அழுது முடிச்சிருப்பேன்” என்று தம் மகனைப் பற்றிச் சொன்னார். நான் திடுக்கிட்டேன். வேறு எங்கே சொல்லியிருந்தாலும் ‘பெற்ற வாயா இது?’ என்று ஏசியிருப்பார்கள். அங்கே யாரும் ஏசவில்லை. பாகூர் அம்மாள் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். சிறிது நேரம் கழித்து அந்தத் தாயே எழுந்து போய் மகனின் வாயைத் துடைத்துவிட்டார்.

இப்படிக் கூடுவது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. இங்கிலாந்தில் 1979-ஆம் ஆண்டு ‘ஹெட்வே’ என்ற அமைப்பு இத்தகைய குடும்பங்களுக்காகவே தொடங்கியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள் அதனோடு சேர்ந்திருக்கின்றன. 1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மரிலின் ஸ்பிவாக் என்ற தாய், தம் மகள் வாகன விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு, நாடு தழுவிய ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். நம் நாட்டில் 2005-இல் ஜோத்பூர் மகாராஜா கஜ் சிங்கின் மகன் போலோ ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து மூளைக்காயம் அடைந்தார். அதன் விளைவாக 2007-இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளை பிறந்தது. அரண்மனைக்கும் எங்கள் திண்ணைக்கும் எவ்வளவு தூரம்! ஆயினும் குதிரையிலிருந்து விழுந்தவர் வீட்டிலும் தென்னையிலிருந்து விழுந்தவர் வீட்டிலும் முதல் இரவு எழும் கேள்வி ஒன்றுதான். இரண்டாம் ஆண்டின் கேள்விகள்தாம் வேறு. அவர்களிடம் ஆள் அம்பு உண்டு.

எங்களைப் போன்றோருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜோத்பூர் அன்று, ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிக்கு அருகே அந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அடிபட்டவரே தொடங்கியது அது. ஒரு கிராமத்தில் தொடங்கியது. கேரளத்தையும் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் வலிதணிப்புச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். மருத்துவர் எத்தனை பேர் இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் போய்வர முடியாது என்று கண்டதும், 2001 முதல் அண்டை அயலாரையே பயிற்றுவித்து ஊர்தோறும் குழுக்கள் அமைத்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர் ஆகியோர் வாரத்தில் சில மணி நேரம் நோயாளியின் வீட்டில் உட்காருகின்றார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. நம் மாகி கேரளத்தின் நடுவில்தானே இருக்கின்றது. அங்கிருந்து வில்லியனூருக்கு இது வர இவ்வளவு காலமா?

எதிர்ப்புகளையும் சொல்லிவிடுகின்றேன். ஆசிரியர் ஒருவர், “நல்ல எண்ணந்தான் அம்மா, ஆனால் இது மருத்துவர் வேலையாயிற்றே” என்றார். மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பார்க்கின்றார். இடைப்பட்ட தொண்ணூறு நாள் யாருடைய வேலை? என் அம்மா, “நம்ம வீட்டு மானத்த புளியமரத்தடியில கொட்டணுமா?” என்று கேட்டார். மூன்று மாதம் வரவில்லை. நான்காம் மாதம் முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தார். என் சொந்த அச்சம் வேறு. கூட்டத்தில் ஒருவர் தேறிப் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். எல்லாரும் மகிழ்ந்தோம். திரும்பும்போது பேருந்தில் அண்ணி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதார். ஒரு காயத்தை இன்னொரு காயத்தோடு ஒப்பிடுவது கொடுமை. கூடினால் அந்த ஒப்பீடும் கூடவே வரும். அதற்கு மருந்து எனக்குத் தெரியவில்லை. ஒரு குடும்பம் இரண்டு முறை வந்துவிட்டு நின்றுபோனதும் இதனால்தானோ என்னவோ.

‘இனித் தேறவே மாட்டார்களா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை வேலையில் இருந்த பினியஸ் கேஜ் என்பவரின் மண்டையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. பிழைத்தார், ஆனால் பழைய கேஜ் அல்லர் என்றனர் நண்பர்கள். பாடநூல்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. நாள்தோறும் அதே நேரம், அதே வழி, அதே வேலை. அந்த ஒழுங்குதான் அவரை நிறுத்தியது என்று கருதும் ஆய்வாளர் உண்டு. இதைப் படித்த பிறகுதான் அண்ணனுக்குக் காலைப் பால் ஊற்றும் வேலையைப் பிடித்துக் கொடுத்தோம். பத்து வீடு, ஒரே வரிசை. எட்டு வீட்டுக்குத் தவறாமல் ஊற்றுகின்றார். மீதி இரண்டு வீட்டார் நல்லவர்கள்.

சட்டத்தின் நிலை இது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகின்றது. விபத்தில் வரும் மூளைக்காயத்துக்கு அதில் தனிப்பெயர் இல்லை. கை கால் விளங்காதவர் ஒரு வகையில் அடங்குவார். கை கால் விளங்கி, நினைவும் நிதானமும் உடைந்தவரை எதில் அடக்குவது என்று ஒவ்வோர் அலுவலக மேசையும் அடுத்த மேசையைக் காட்டுகின்றது. ஒருத்தி போய் நின்றால் நாற்காலிகூடக் கிடைப்பதில்லை. ஐந்து குடும்பம் சேர்ந்து போனபோது விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால், தமிழகத்தில், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகின்றார். எங்கள் வயல் வரப்பைத் தாண்டினால் தமிழகம். வரப்புக்கு இந்தப் பக்கம் பிறந்தது யார் குற்றம்?

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது இருக்கின்றது. நம் ஊரிலோ 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநருக்கும் அன்றைய முதலமைச்சருக்கும் இடையே அது பெரும் பூசலுக்குப் பொருளாயிற்று. 2025 சனவரியில் மறுபடியும் கட்டாயம் என்று அறிவித்தார்கள். நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் நாளைக் காலை நின்று எண்ணிப் பாருங்கள். எத்தனை கவசம் தலையில் வருகின்றது, எத்தனை கண்ணாடியில் தொங்கி வருகின்றது என்று. எண்ணுகின்றவர்கள் என் அண்ணனை நினைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

நம் கல்லூரி என்ன செய்யலாம்? நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது முதல் முகாம் என்றால் சாலையோரப் புல்லைச் செதுக்குவது, மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது என்று ஆகிவிட்டது. சென்ற ஆண்டு நட்ட கன்றுகளை ஆடு தின்றுவிட்டது என்பது முகாமுக்குப் போன என் போன்றோருக்குத் தெரியும். அந்த மாணவர்களுள் பத்துப்பேர் மாதம் ஒரு ஞாயிறு, இரண்டே மணி நேரம், அடிபட்டவரோடு தாயம் ஆடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அண்ணி போன்றவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்வருவார்கள், அல்லது தூங்குவார்கள். வணிகவியல் துறையினர் விபத்து இழப்பீட்டுத் தாள்களையும் மாற்றுத்திறனாளி அட்டைக்கான விண்ணப்பத்தையும் நிரப்ப உதவலாம். தமிழ்த்துறையினர், ‘உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருபவர் மாறியிருக்கலாம், பயப்படாதீர்கள், இவற்றைச் செய்யுங்கள்’ என்று எளிய தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதித் தந்தால், மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, மருத்துவமனை வாயில்களில் கொடுக்க நாங்கள் ஆயத்தம். மழைக்காலத்தில் புளியமரம் உதவாது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளுள் ஒன்றைத் திறந்துவிட முதல்வர் அவர்கள் மனம் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பேனர் வேண்டா, பொன்னாடை வேண்டா, தொடக்க விழா வேண்டவே வேண்டா. ஒலிபெருக்கி வைத்தால் எங்கள் ஆட்கள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

அண்ணியின் பை இன்னும் பரண்மேல்தான் இருக்கின்றது. அவர் அதைக் கீழே இறக்கவும் இல்லை, பிரித்துத் துணிகளை எடுக்கவும் இல்லை. நாளையே அவர் புறப்பட்டாலும் நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அம்மாவையும் சொல்ல விடமாட்டேன். அவர் இருக்க வேண்டும் என்று விரும்புகிற நாம், அவரைத் தனியாக இருக்க விட்டுவிட்டு விரும்புவது நியாயமாகாது.

அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி, பாகூரில். ஏரிக்கரைப் பக்கம் வந்து, தலையில் அடிபட்டவர்கள் கூடும் இடம் எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பாய் கொண்டுவரும் பொறுப்பு அண்ணனுடையது. போன தடவை மறந்துவிட்டார். எல்லாரும் மண்ணில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை நாள்காட்டித் தாளில் அவரே எழுதிச் சுவரில் குத்தி வைத்திருக்கின்றார்: ‘பாய். 2.’ ஏன் இரண்டு என்று கேட்டேன். “காலேஜ்ல இருந்து ஆளு வருவாங்கன்னு சொன்னியே” என்றார். அதை நான் அவரிடம் சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது.